இன்-இயர் இயர்போன்: ஆம்ப் பொருத்துவதும் பர்ன்-இன் செய்வதும், சரியான வரிசையில்

புதிதாக இன்-இயர் (காதுக் குழாய்க்குள் செருகும்) இயர்போன் வாங்குபவர்களில் பலர் பெட்டியைப் பிரித்ததும் அதை ஏதோ ஓர் ஆம்பில் (ஒலிச் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரில்) செருகி, இரைச்சல் கோப்பு ஒன்றை ஓடவிட்டு, இரண்டு மூன்று நாள் மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிடுகிறார்கள். இப்படிப் பல மணி நேரம் ஓடவிட்டு இயர்போனைப் பழக்குவதைத்தான் பர்ன்-இன் என்கிறார்கள். பிறகு கேட்கும்போது பேஸ் (தாழ்ந்த ஒலி) போதவில்லை என்றால், இன்னும் நூறு மணி நேரம் ஓட வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். அதற்குள் பொருளைத் திருப்பித் தரும் கெடு முடிந்துவிடுகிறது. காதில் டிப் (இயர்போன் முனையில் மாட்டும் மென்மையான உறை) சரியாக அடைக்கவில்லையா, ஆம்ப் பொருந்தவில்லையா, இயர்போனே குறையுள்ளதா என்பது கடைசிவரை தெரிவதில்லை.

இங்கே தரும் வரிசை அதற்கு நேர் எதிரானது. குறை இருக்கிறதா என்று பார்ப்பதும் காதில் பொருத்துவதும் முதலில், ஆம்ப் அதற்குப் பிறகு, பர்ன்-இன் எல்லாவற்றுக்கும் கடைசியில். டிப் கசிந்தால் பேஸில் 10 டெசிபலுக்கும் மேல் போய்விடலாம்; பொருந்தாத ஆம்ப் சில டெசிபல் மாற்றும்; பர்ன்-இன் செய்து அளந்து பார்த்தவர்கள் காட்டும் மாற்றமோ பெரும்பாலும் ஒரு டெசிபலுக்குள் அடங்கிவிடும். பெரியதைச் சரிசெய்யாமல் சிறியதைத் தேடினால் எது எதனால் ஏற்பட்டது என்று பிரிக்க முடியாது.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

சிலிக்கான் டிப்கள் குறைந்தது மூன்று அளவுகளில் வேண்டும்; ஃபோம் டிப் ஒரு ஜோடி கூடுதலாக இருந்தால் நல்லது. சோதனை ஒலிகளாக 40 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் சைன் அலைகள் (ஒற்றை அதிர்வெண் ஒலிகள்), 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஸ்வீப், மோனோ பிங்க் நாய்ஸ் (இரு காதிலும் ஒன்றாகவே ஒலிக்கும் சீரான இரைச்சல்) ஆகியவற்றைச் சுருக்கப்படாத கோப்புகளாகப் போனிலோ கணினியிலோ வைத்துக்கொள்ளவும்.

ஏசி மில்லிவோல்ட் காட்டும் மல்டிமீட்டர் ஒன்று, 33 ஓம் மின்தடை ஒன்று, திருகாணி முனைகள் கொண்ட 3.5 மி.மீ. பிளக் ஒன்று, இரட்டை வழி ஸ்பிளிட்டர் ஒன்று ஆகியவை இருந்தால், கேட்டுக்கேட்டு ஊகிக்க வேண்டிய பல விஷயங்கள் சில நிமிடங்களில் எண்ணாகக் கிடைத்துவிடும். விலை குறைந்த மல்டிமீட்டர்கள் பெரும்பாலும் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாக அளப்பதில்லை. 100 ஹெர்ட்ஸ் சைன் அலையைச் சேர்த்ததற்குக் காரணம் அதுதான்.

இயர்போன், ஆம்ப் இரண்டின் விவரத் தாள்களையும் எடுத்து வைக்கவும். குறிப்பேடு ஒன்று கட்டாயம் வேண்டும். ஒலியைப் பற்றிய நினைவு மிக விரைவில் மங்கும். எழுதி வைக்காத ஒப்பீடு ஒப்பீடே அல்ல.

2. முதல் நாளே குறை பார்த்தல்

மோனோ பிங்க் நாய்ஸை மிதமான ஒலியளவில் ஓடவிடவும். ஒலி தலையின் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், உடனே இயர்போனைக் குறை சொல்லாமல், கழற்றக்கூடிய கேபிளாக இருந்தால் இடது முனையை வலது இயர்பீஸிலும் வலது முனையை இடதிலும் செருகிக் கேட்கவும். சாய்வு பக்கம் மாறினால் குறை கேபிளிலோ அதற்கு முன்னுள்ள ஆம்பிலோ இருக்கிறது. அதே காதிலேயே நின்றால் இயர்பீஸையும், அந்தக் காதில் டிப் அமர்ந்த விதத்தையும் சந்தேகிக்க வேண்டும்.

2-பின் கேபிளில் (இயர்பீஸில் இரு ஊசிகளால் செருகும் வகை) ஒரு பக்கத்தை மட்டும் தலைகீழாகச் செருகிவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. ஒலியளவு இரு பக்கமும் சமமாகத்தான் இருக்கும். ஆனால் மோனோ ஒலி நடுவில் ஒரு புள்ளியாக நிற்காமல் தலையைச் சுற்றிப் பரவியதுபோல் கேட்கும். பின்னைத் திருப்பிச் செருகினால் சரியாகிவிடும்.

அடுத்து ஸ்வீப். மெதுவாக ஏறும்போது ஏதேனும் ஓர் இடத்தில் கரகரப்போ அதிர்வோ ஒரு பக்கத்தில் மட்டும் வந்தால் அது குறை. பர்ன்-இன் அதைக் குணப்படுத்தாது. கெடு முடிவதற்குள் பொருளைத் திருப்பிவிடவும்.

நாசில் (டிப் மாட்டும் குழல்) முனையில் உள்ள வலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மேலே செல்லவும். காதின் ஈரம் மெல்லிய படலமாக அதில் ஒட்டியிருந்தால்கூட அந்தப் பக்கத்தின் ஒலி குறைந்துவிடும். காய்ந்ததும் தானாகத் திரும்பிவிடுகிற இந்த மாற்றத்தைப் பர்ன்-இன்னின் விளைவு என்று நம்பியவர்கள் பலர்.

3. காதில் பொருத்துதல்

40 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஓடவிட்டு, இயர்பீஸை விரலால் லேசாக உள்ளே அழுத்தவும். அழுத்தும்போது பேஸ் கூடி, விட்டதும் குறைந்தால் கசிவு இருக்கிறது. டிப்பை ஓர் அளவு பெரிதாக்கவும், அல்லது ஃபோமுக்கு மாறவும். இரு காதுக் குழாய்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இடதில் நடு அளவு, வலதில் பெரிய அளவு என்று போட்டுக்கொள்வதில் தவறில்லை.

ஃபோம் டிப்பை விரலால் உருட்டிச் சுருக்கி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு செருகி, அது விரிந்து முடியும்வரை அரை நிமிடமாவது பிடித்திருக்கவும். உடனே கையை எடுத்தால் டிப் பின்னோக்கி நழுவி, அடைப்பு பாதியில் நின்றுவிடும்.

டைனமிக் டிரைவர் (சுருளும் சவ்வும் அசைந்து ஒலி எழுப்பும் வகை) உள்ள சில இயர்போன்களைச் செருகும்போது, காகிதம் நொறுங்குவதுபோல் சிறு சத்தம் வரும். உள்ளே அடைபட்ட காற்று டயஃப்ரமை (அந்தச் சவ்வை) தள்ளுவதால் வருவது அது. இயர்பீஸின் உடலில் உள்ள சிறு காற்றுத் துளையை விரலால் மூடாமல், மெதுவாகச் செருகினால் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

எவ்வளவு ஆழம் செல்கிறது என்பதும் ஒலியை மாற்றும். ஐஇசி 60318-4 தரத்திலான கப்ளரில் (காதைப் போல் அமைந்த அளவுக் கருவியில்) அளக்கும்போது, அடைபட்ட குழாயின் ஒத்ததிர்வு ஏறக்குறைய 8 கிலோஹெர்ட்ஸில் விழும்படி இயர்போனை வைப்பது வழக்கம். உங்கள் காதில் ஆழம் கூடினால் அந்த மேடு மேலே நகரும். குறைந்தால் கீழே இறங்கிக் கூச்சமாகத் தெரியும். புது இயர்போனை முதல் நாள் தயங்கித் தயங்கி மேலோட்டமாகச் செருகுகிறோம். ஒரு வாரத்தில் கை பழகி ஆழமாகச் செருகுகிறது. பர்ன்-இன்னால் ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) அடங்கிவிட்டது என்று சொல்லப்படுவதில் கணிசமான பங்கு இதுதான் என்பது என் கணிப்பு.

4. விவரத் தாளிலுள்ள எண்களைப் படித்தல்

சென்சிட்டிவிட்டி, அதாவது குறிப்பிட்ட மின்சக்திக்கோ மின்னழுத்தத்துக்கோ இயர்போன் எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பது, இரண்டு விதமாக அச்சிடப்படுகிறது: ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல், அல்லது ஒரு வோல்ட்டுக்கு இத்தனை டெசிபல். இரண்டையும் ஒன்றாக எண்ணி ஒப்பிடுவதுதான் இந்தப் படியில் நிகழும் பெரிய தவறு. மில்லிவாட் கணக்கை வோல்ட் கணக்காக்க, 1000-ஐ இம்பீடன்ஸால் (ஓமில் சொல்லப்படும் மின்தடுப்பால்) வகுத்து, வரும் எண்ணின் பத்தடிமான மடக்கையை 10-ஆல் பெருக்கிக் கூட்டவும். 16 ஓமுக்குக் கூட்ட வேண்டியது 18. 32 ஓமுக்கு 15. ஆகவே 16 ஓமில் ஒரு மில்லிவாட்டுக்கு 105 டெசிபல் என்றால், ஒரு வோல்ட்டுக்கு 123 டெசிபல்.

இனித் தேவையைக் கணக்கிடலாம். சராசரியாக 80 டெசிபலில் கேட்பவருக்கு, இசையின் உச்சங்களுக்கு 20 டெசிபலும், ஈக்வலைசருக்கும் மெல்லப் பதிவான பாடல்களுக்கும் இன்னொரு 10 டெசிபலும் சேர்த்து 110 டெசிபல் போதும். மேலே சொன்ன இயர்போனுக்கு அதற்கு 0.22 வோல்ட், 14 மில்லியாம்பியர், 3 மில்லிவாட்தான் வேண்டும். மின்சாரப் பசி மிகுந்தது என்று பெயரெடுத்த பிளானர் (தட்டைச் சவ்வு டிரைவர்) வகையில், 15 ஓமில் மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் தரும் ஒன்றை எடுத்துக்கொண்டாலும் 0.39 வோல்ட்டும் 26 மில்லியாம்பியரும்தான் வருகிறது. ஒரு வோல்ட் தருகிற சாதாரண டாங்கிளே (போனில் செருகும் சிறு ஆம்ப்) இதைச் சமாளித்துவிடும். ஆம்பின் வாட் எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் நிறையப் பணம் மிச்சமாகும்.

இன்-இயர்களுக்குள்ளேயே எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதற்கு இரு எடுத்துக்காட்டுகள். எட்டிமோட்டிக் ஈஆர்4எஸ்ஆர் 45 ஓம், 0.1 வோல்ட்டுக்கு 96 டெசிபல், அதாவது ஒரு வோல்ட்டுக்கு 116. கேம்ப்ஃபயர் ஆடியோவின் ஆண்ட்ரோமெடா 12.8 ஓம், 94 டெசிபலை எட்ட அதற்கு வெறும் 7 மில்லிவோல்ட் போதும், அதாவது ஒரு வோல்ட்டுக்கு ஏறக்குறைய 137. இரண்டுக்கும் இடையே 21 டெசிபல். முதலாவதற்கு 110 டெசிபல் எட்ட அரை வோல்ட் வேண்டும்; இரண்டாவதற்கு 45 மில்லிவோல்ட். முதலாவதற்கு ஆம்ப் தேடும்போது வோல்ட்டேஜைப் பார்க்கிறோம். இரண்டாவதற்கு இரைச்சலையும் அவுட்புட் இம்பீடன்ஸையும் (ஆம்பின் வெளியீட்டிலேயே உள்ள மின்தடுப்பு).

5. அவுட்புட் இம்பீடன்ஸ்

ஆம்ப் பொருத்தத்தில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதற்கு ஒதுக்கவும். ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ், இயர்போனின் மிகக் குறைந்த இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. 16 ஓமுக்கு 2 ஓம். 8 ஓமுக்கு 1 ஓம். விவரத் தாளில் இருப்பது பெரும்பாலும் 1 கிலோஹெர்ட்ஸில் அளந்த இம்பீடன்ஸ் மட்டுமே. மற்ற அதிர்வெண்களில் அது இன்னும் கீழே போகலாம் என்பதால், ஐயமிருந்தால் 1 ஓமுக்குக் குறைவான ஆம்பைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு.

காரணம் எளிய மின்னழுத்தப் பகிர்வு. பல பேலன்ஸ்டு ஆர்மேச்சர்களும் (சிறு உலோக நாக்கு அசையும் டிரைவர்கள்) கிராஸ்ஓவரும் (ஒலியை டிரைவர்களுக்குப் பிரித்தளிக்கும் சுற்று) உள்ள இயர்போன் ஒன்றின் இம்பீடன்ஸ், ஓர் அதிர்வெண்ணில் 8 ஓமாகவும் வேறோர் அதிர்வெண்ணில் 40 ஓமாகவும் இருப்பதாகக் கொள்வோம். 10 ஓம் அவுட்புட் உள்ள ஆம்பில் செருகினால் முதல் இடத்தில் 7 டெசிபலும் இரண்டாம் இடத்தில் 1.9 டெசிபலும் இழப்பாகும். அதாவது யாரும் கேட்காமலேயே 5 டெசிபல் ஈக்வலைசர் ஒன்று நுழைந்துவிட்டது. அதே இயர்போன் 1 ஓம் ஆம்பில் 0.8 டெசிபல்தான் மாறும். அரை ஓமுக்கு வந்துவிட்டால் 0.4. ஒரே ஒரு டைனமிக் டிரைவர் உள்ள இயர்போனில் இம்பீடன்ஸ் அவ்வளவாக ஏறி இறங்குவதில்லை என்பதால் இதே 10 ஓம் ஆம்பில்கூட ஒலியளவு குறையுமே தவிர ஒலியின் தொனி பெரிதாக மாறாது. இந்த ஆம்ப் சூடான ஒலி தருகிறது, அந்த ஆம்ப் குளிர்ந்த ஒலி தருகிறது என்று ஒரே இயர்போனை வைத்துப் பேசிக்கொள்வதில் பாதி இந்தக் கணக்கிலேயே அடங்கிவிடுகிறது.

தாளில் இந்த எண் இல்லாவிட்டால் அளந்துவிடலாம். பிளக்கின் திருகாணிகளில் மல்டிமீட்டர் முனைகளை ஒரு சானலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே இணைத்து, 100 ஹெர்ட்ஸை ஓடவிட்டு, 200 மில்லிவோல்ட் வருமாறு ஒலியளவை வைக்கவும். பிறகு அதே முனைகளுக்கு இடையே 33 ஓம் மின்தடையை வைத்து மறுபடி பார்க்கவும். 190 மில்லிவோல்ட்டாகக் குறைந்தால், 200-ஐ 190-ஆல் வகுத்து, 1-ஐக் கழித்து, 33-ஆல் பெருக்கவும்: 1.7 ஓம். சில டாங்கிள்கள் எதுவும் செருகப்படாத நிலையில் விழித்துக்கொள்வதே இல்லை. அப்போது 330 ஓம் மின்தடையை வைத்து முதல் அளவை எடுக்கவும். விடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பிழை வரும், நம் வேலைக்கு அது பொருட்டல்ல. சுமையாக இயர்போனை வைக்க வேண்டாம். அதன் இம்பீடன்ஸ் 100 ஹெர்ட்ஸில் எவ்வளவு என்பது நமக்குத் தெரியாது.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்புகளின் அவுட்புட் இம்பீடன்ஸ் பல பத்து ஓம்களில் இருக்கும். அவை உயர் இம்பீடன்ஸ் ஹெட்ஃபோன்களுக்கானவை; இன்-இயர்களுக்கு அவற்றைப் பரிசீலிக்கவே வேண்டாம்.

6. இரைச்சலும் கெயினும்

எதுவும் ஓடாதபோது அமைதியான அறையில் மெல்லிய "ஸ்ஸ்" என்ற ஒலி கேட்டால் அது ஆம்பின் உள் இரைச்சல். 5 மைக்ரோவோல்ட் இரைச்சல் உள்ள ஆம்ப், 116 டெசிபல் இயர்போனில் 10 டெசிபலாகத்தான் ஒலிக்கும். காதுக்கு எட்டாது என்றே சொல்லலாம். அதே ஆம்ப் 137 டெசிபல் இயர்போனில் 31 டெசிபலாகி, பாடல்களுக்கு இடையே தெளிவாகக் கேட்கும். பர்ன்-இன் செய்தால் இது குறையாது. இரைச்சல் குறைந்த ஆம்புக்கு மாற வேண்டும், அல்லது இடையில் அட்டென்யுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் அடாப்டர்) போட வேண்டும். அட்டென்யுவேட்டர் வாங்கும்போது, இயர்போன் பக்கம் குறைந்த இம்பீடன்ஸைக் காட்டும் வகையா என்று பார்க்கவும். வெறும் மின்தடையை வரிசையில் சேர்க்கும் அடாப்டர் இரைச்சலைக் குறைத்துக்கொண்டே, முந்தைய படியில் தவிர்த்த தொனி மாற்றத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

கெயினை (ஆம்ப் பெருக்கும் அளவை) எப்போதும் மிகக் குறைந்த நிலையில் தொடங்கவும். இரைச்சலைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. சுழற்றும் பொட்டென்ஷியோமீட்டர் (ஒலியளவுக் குமிழ்) உள்ள மேசை ஆம்புகளில், குமிழின் தொடக்கப் பகுதியில் இடது வலது சானல்கள் சமமாக ஏறுவதில்லை. அதிக கெயினில் குமிழை அந்தப் பகுதியிலேயே வைத்துக் கேட்க நேர்ந்தால் ஒரு பக்கம் சாய்ந்து கேட்கும். குறை இயர்போனில் இல்லை. கெயினைக் குறைத்தோ, கணினியில் டிஜிட்டல் ஒலியளவைக் கொஞ்சம் இறக்கியோ குமிழை நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தால் சாய்வு மறையும்.

7. செருகும் முறை

ஒலியளவைக் குறைத்து, ஆம்பை இயக்கி, சில விநாடி பொறுத்து, அதன்பிறகே இயர்போனைச் செருகவும். சில மேசை ஆம்புகள் இயங்கும்போது எழும் துடிப்பு, நுண்ணிய ஆர்மேச்சர்களுக்கும் காதுக்கும் நல்லதல்ல.

4.4 மி.மீ. பேலன்ஸ்டு அவுட்புட்டில், 3.5 மி.மீ. கேபிளை அடாப்டர் வழியாகச் செருகவே கூடாது. 3.5 மி.மீ. பிளக்கில் இரு சானல்களுக்கும் கிரவுண்ட் ஒன்றே; பேலன்ஸ்டு ஆம்பில் இரு எதிர்முனைகளிலும் தனித்தனி சிக்னல் ஓடுகிறது. அடாப்டர் அவ்விரண்டையும் ஒன்றோடொன்று ஷார்ட் செய்துவிடும்; ஆம்ப் பழுதாகலாம். மறுதிசையில், அதாவது 4.4 மி.மீ. கேபிளை 3.5 மி.மீ. அவுட்புட்டில் அடாப்டர் வைத்துச் செருகுவது பாதுகாப்பானது.

பேலன்ஸ்டு அவுட்புட்டில் வோல்ட்டேஜ் இரட்டிப்பாகும். பொதுவாக அவுட்புட் இம்பீடன்ஸும் இரட்டிப்பாகும். சென்சிட்டிவிட்டி மிகுந்த இன்-இயர்களுக்கு இதில் இழப்புதான் அதிகம்.

8. ஆம்புகளை ஒப்பிடுதல்

அரை டெசிபல் உரத்து ஒலிப்பதை மனம் உரப்பாக அல்லாமல் தெளிவாகவும் ஆழமாகவும் உணர்கிறது. ஆகவே ஒலியளவைச் சமன் செய்யாத ஒப்பீட்டில் எப்போதும் வெல்வது உரத்த ஆம்ப்தான். ஸ்பிளிட்டரின் ஒரு வழியில் இயர்போனையும் மறு வழியில் மல்டிமீட்டரையும் வைத்து, 100 ஹெர்ட்ஸில் இரு ஆம்புகளும் ஒரே மில்லிவோல்ட் காட்டும்படி சரிசெய்யவும். 200-க்கும் 205-க்கும் இடையிலான வேறுபாடே 0.2 டெசிபல், அதற்குள் கொண்டுவந்தால் போதும். இயர்போன் செருகிய நிலையிலேயே அளக்க வேண்டும். சுமையில்லாமல் சமன் செய்தால், செருகியதும் சமநிலை குலைந்துவிடும்.

எந்த ஆம்ப் இணைந்திருக்கிறது என்று தெரியாதபடி வேறொருவரை மாற்றச் சொல்லிக் கேட்கவும். இரைச்சலும் அவுட்புட் இம்பீடன்ஸும் ஒத்துப்போகும் இரு ஆம்புகளை இப்படிக் கேட்கும்போது பிரித்தறிய முடியாமல் போவது இயல்பு. அப்போது சிறியதையும் எளிதானதையும் வைத்துக்கொள்ளவும்.

9. பர்ன்-இன்

மேலுள்ள எட்டுப் படிகளும் முடிந்து, எல்லாம் குறிப்பேட்டில் ஏறிய பிறகே இதற்கு வரவும். பேலன்ஸ்டு ஆர்மேச்சரில் அசைவது சின்னஞ்சிறு உலோக நாக்கு. பழகித் தளரக்கூடிய பகுதி அதில் மிகக் குறைவு. அவ்வகை மட்டுமே உள்ள இயர்போனுக்கு இந்தப் படியை முழுதாகத் தாண்டிவிடலாம். டைனமிக் டிரைவரில் டயஃப்ரமின் விளிம்பு தொடக்கத்தில் சற்று இறுக்கமாக இருந்து தளர வாய்ப்புண்டு என்பது கொள்கையளவில் சரி. ஆனால் இன்-இயரில் அது அசையும் தூரம் மிக மிகக் குறைவு. விளைவும் அதற்கேற்பச் சிறியது.

செய்தே பார்க்க வேண்டும் என்றால், வழக்கமாகக் கேட்கும் ஒலியளவில் பிங்க் நாய்ஸோ இசையோ ஓடட்டும். அதைவிட உரக்க ஓடவிட்டால் வேகமாகப் பழகும் என்று எண்ண வேண்டாம். டிரைவரின் குரல் சுருளைச் சூடாக்குவதுதான் மிச்சம். காதில் போட்டபடியே செய்வதானால், அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு பணியிடங்களுக்குப் பரிந்துரைக்கும் 85 டெசிபலுக்கு 8 மணி நேரம் என்ற வரம்பையும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும் என்பதையும் நினைவில் கொள்ளவும். பர்ன்-இன்னுக்கென்று விற்கப்படும் தனிக் கோப்புகளுக்கும் செயலிகளுக்கும் காசு கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.

மாற்றம் டிரைவரிலா, கேட்பவரின் பழக்கத்திலா என்று அறிய ஒரு வழி உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் பர்ன்-இன் செய்யவும். தொடங்கும் முன் மோனோ பிங்க் நாய்ஸைக் கேட்டு, ஒலி நடுவில் நிற்க பேலன்ஸ் அமைப்பை எந்த அளவில் வைக்க வேண்டியிருக்கிறது என்று எழுதிக்கொள்ளவும். கழற்றிக் கழற்றிச் செருகிச் சில முறை பார்த்தால், செருகுவதால் மட்டுமே வரும் ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். பிறகு பேலன்ஸை முழுக்க இடப்புறம் தள்ளி, இயர்போனைக் காதில் போடாமல் ஐம்பது மணி நேரம் ஓடவிடவும். வலது பக்கம் ஓடாமல் தொடக்கத்தில் இருந்தபடியே இருக்கும். இடைப்பட்ட நாள்களில் அதைக் கேட்கவே கூடாது.

முடிந்ததும் அதே டிப், அதே ஆம்ப், அதே ஒலியளவில் நடுப்புள்ளியை மறுபடி பார்க்கவும். பக்கத்துக்குப் பக்கம் ஸ்வீப்பையும் ஓடவிட்டு, பேஸ் இரு காதிலும் ஒத்திருக்கிறதா என்று கேட்கவும். வேறுபாடு, செருகும்போது வரும் ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே அடங்கினால் டிரைவர் மாறவில்லை. அதைத் தாண்டி ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் சாய்ந்தால், முதலில் வலையில் ஈரமோ அழுக்கோ இல்லையென்று உறுதிசெய்துகொண்டு, வலது பக்கத்தையும் அதே ஒலியளவில் அதே மணி நேரம் ஓடவிட்டு இரண்டையும் சமன் செய்துகொள்ளவும்.